நீருக்கடி வீடியோவில் குறையா? அறிகுறியைப் பார்த்து எதை மாற்றலாம், எதை வாங்கலாம்

எந்தக் கேமரா வாங்கலாம் என்று கேட்டு வருகிறவர்களிடம் "இதுவரைக்கும் எடுத்த வீடியோ ஒன்றை அனுப்புங்க" என்றுதான் முதலில் கேட்பேன். கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கம் நீச்சல் சொல்லிக்கொடுக்கிற மாஸ்டர்கள், முட்டி ஆபரேஷன் முடிந்தவர்களைத் தண்ணீரில் நடக்கவிட்டுப் பயிற்சி தருகிற பிசியோதெரபிஸ்ட்கள், பிள்ளையை ஸ்டேட் மீட்டுக்குத் தயார் பண்ணுகிற அப்பா அம்மாக்கள் என்று பலரும் கேட்கிறார்கள். வீடியோவில் என்ன குறை தெரிகிறதோ அதுவே காசை எதில் போடணும் என்று காட்டிக்கொடுக்கும். பல குறைகளுக்குக் காசே வேண்டாம், கையில் இருக்கிற கேமராவில் ஒரு செட்டிங்கை மாற்றினால் சரியாகிவிடும்.

ஆரம்பிக்கும் முன் ஒன்று. வீடியோ பார்ப்பதற்கா, அளப்பதற்கா? முழங்கை கீழே விழுகிறதா, கால் கத்தரி மாதிரி விரிகிறதா என்று பிள்ளைக்குக் காட்ட மட்டும்தான் என்றால் தண்ணீர் புகாத உறையில் போட்ட சாதாரண ஆக்‌ஷன் கேமராவே போதும். முட்டி எத்தனை டிகிரி மடங்குகிறது, ஒரு ஸ்ட்ரோக்கில் எத்தனை சென்டிமீட்டர் முன்னே போகிறார் என்று எண் வேண்டுமென்றால் கீழே இருப்பதில் பெரும்பகுதி உங்களுக்குத் தேவைப்படும்.

உடம்பு தெளிவு, கை மட்டும் பஞ்சு மாதிரி தெரிகிறது

இதை ஃபோகஸ் கோளாறு என்று நினைத்துப் புதுக் கேமரா வாங்கியவர்களை எனக்குத் தெரியும். ஃபோகஸ் போயிருந்தால் அதே தூரத்தில் இருக்கிற எல்லாமே மங்கலாக இருக்கணும். இடுப்பும் தோளும் தெளிவாக இருந்து, கை வேகமாகப் பின்னால் தள்ளும் நேரத்தில் மட்டும் அது இழுபட்டுத் தெரிந்தால் ஷட்டர் ஸ்பீடு போதவில்லை என்று அர்த்தம். கை வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்க. ஷட்டர் 1/50 வினாடி திறந்திருந்தால் அதற்குள் கை 4 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும், அந்த 4 சென்டிமீட்டரும் ஒரே படத்தில் பூசினாற்போல் விழும். 1/500 வைத்தால் அதுவே 4 மில்லிமீட்டர்தான். மணிக்கட்டு எங்கே என்று புள்ளி வைக்கப் போகிறவருக்கு இந்த வித்தியாசம் எல்லாமும்தான்.

ஃப்ரேம் ரேட்டை ஏற்றினால் இது சரியாகும் என்று நம்புகிறார்கள். வினாடிக்கு எத்தனை படம் என்பது வேறு, ஒவ்வொரு படத்துக்கும் ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது வேறு. ஃப்ரீஸ்டைல், பிரெஸ்ட்ஸ்ட்ரோக் இரண்டுக்கும் வினாடிக்கு 50 படமே நன்றாக வரும். ஃபிளிப் டர்ன், டைவ் அடித்து உள்ளே போகிற நேரம், சுவரைத் தள்ளியதும் அடிக்கிற டால்ஃபின் கிக், இவற்றுக்குத்தான் 100, 120 வேண்டும். தண்ணீரில் மெதுவாக நடக்கிற முட்டிவலிக்காரருக்கு 25 கூடப் போதும், ஷட்டர் 1/100 வைத்தாலே தெளிவு கிடைக்கும்.

1/500 வைத்தால் வேறொரு செலவு வருகிறது. 1/50-இல் உள்ளே வருகிற வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்குதான் கிடைக்கும். நம்ம ஊர்த் திறந்தவெளிக் குளங்களில் காலை ஒன்பது மணி வெயிலில் கவலையே இல்லை. கூரை போட்ட குளத்தில் படம் இருண்டுவிடும், இல்லையென்றால் கேமரா தானாக ஐஎஸ்ஓவை (வெளிச்சத்தை உணர்கிற திறனை) ஏற்றி அரிசியை வாரி இறைத்த மாதிரிப் புள்ளிகளைக் கொண்டுவரும். அங்கேதான் பெரிய சென்சார் உள்ள கேமராவுக்கும், பேட்டரியில் ஓடும் நல்ல எல்இடி விளக்குக்கும் காசு போடலாம். எந்த விலையானாலும் சரி, ஷட்டர் ஸ்பீடை நாமே செட் பண்ணி மாறாமல் வைக்க முடியாத கேமராவை இந்த வேலைக்கு வாங்காதீங்க.

இதிலேயே ஒரு கிளை உண்டு. கை மங்கலாக இல்லை, தெளிவாகத்தான் இருக்கிறது, ஆனால் நேரான முன்கை வில் மாதிரி வளைந்து தெரிகிறது. சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாக வாசிப்பதால் வருவது அது. ஒவ்வொரு வரிக்கும் கொஞ்சம் நேரம் தள்ளிப்போகிறது, அதற்குள் கை நகர்ந்துவிடுகிறது. நீச்சல் வேகத்துக்குப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளலாம். டைவை அளக்கிறவர்கள் மட்டும் முழுப் படத்தையும் ஒரே கணத்தில் எடுக்கிற குளோபல் ஷட்டர் கேமராவுக்குப் போகணும், அது தொழிற்சாலைக் கேமரா என்பதால் உறையைத் தனியாகச் செய்ய வேண்டிவரும். கோயமுத்தூரில் பம்ப் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை, லேத்தில் கடைந்து வாங்கிவிடலாம்.

படம் மினுக்குகிறது, அல்லது கருப்புப் பட்டை ஓடுகிறது

பொள்ளாச்சிப் பக்கத்து மாஸ்டர் ஒருவர் "கேமரா போச்சுங்க" என்று வந்தார். போனது ஒன்றுமில்லை. நம் நாட்டுக் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால் குளத்தின் மேல் எரிகிற விளக்குகள் பல வினாடிக்கு 100 தடவை கூடிக் குறைகின்றன. கண்ணுக்குத் தெரியாது, வேகமான ஷட்டருக்குத் தெரியும். அவருடைய கேமரா 60 படத்தில் ஓடிக்கொண்டிருந்தது, 60-உம் 100-உம் ஒத்துப்போகாததால் ஒவ்வொரு படமும் வேறு வேறு வெளிச்சத்தில் விழுந்தது. மெனுவில் என்டிஎஸ்சி (NTSC) என்று இருக்கிற வீடியோ முறையை பால் (PAL) என்று மாற்றுங்க, 25, 50, 100 என்று எண்கள் வரும். ஷட்டர் 1/100 வைத்தால் மினுக்கல் அடங்கிவிடும். கைக்கு 1/500 வேண்டும் என்றால் விளக்கை அணைத்துவிட்டுப் பகல் வெளிச்சத்தில் எடுங்க, அல்லது மினுக்காத பேட்டரி விளக்கு வாங்குங்க.

ஆள் முழுசாகச் சட்டத்துக்குள் அடங்கவில்லை

கரையில் வைத்துப் பார்த்தபோது அடங்கியவர் தண்ணீருக்குள் அடங்கமாட்டார். தட்டையான கண்ணாடி முகப்புக்குப் பின்னால் இருக்கிற லென்ஸுக்கு ஒளிவிலகலால் பார்வை குறுகிவிடும். காற்றில் 90 டிகிரி காட்டுகிற லென்ஸ் தண்ணீரில் சுமார் 64 டிகிரிதான் காட்டும். 4 மீட்டர் தள்ளி வைத்தால் காற்றில் 8 மீட்டர் அகலம் தெரியும், தண்ணீரில் 5 மீட்டர். பெரிய பையன் ஒருவனுடைய உடம்பு நீளமும் ஒரு முழு ஸ்ட்ரோக் நகர்வும் சேர்ந்தால் அந்த 5 மீட்டரும் சரியாகப் போய்விடும், மிச்சம் இருக்காது.

வழி மூன்று. கேமராவை இன்னும் தள்ளி வைப்பது. காசு செலவில்லை, ஆனால் தண்ணீர் தெளிவாக இருக்கணும், குளமும் அகலமாக இருக்கணும். இன்னும் அகலமான லென்ஸ் போடுவது, ஓரங்கள் வளையும். அல்லது அரைக்கோள முகப்பு வைத்த உறை வாங்குவது. லென்ஸ் அந்தக் கோளத்தின் நடுப்புள்ளியில் சரியாக உட்கார்ந்தால் இழந்த கோணம் திரும்பக் கிடைக்கும். அரைக்கோளம் வைத்ததும் எல்லாம் மங்கிவிட்டது என்று சிலர் சொல்வார்கள். அந்த முகப்பு, தூரத்தில் இருப்பதை லென்ஸுக்கு மிகப் பக்கத்தில் இருப்பதாகக் காட்டும், கிட்டத்தில் ஃபோகஸ் ஆகாத லென்ஸ் அங்கே தோற்றுவிடும். வாங்கும் முன் ஒரு வாளித் தண்ணீரில் முக்கிப் பாருங்க. ஃபோகஸ் கிடைத்ததும் அப்படியே பூட்டிவிடுங்க. தானியங்கி ஃபோகஸ் ஒவ்வொரு நீர்க்குமிழியையும் துரத்திக்கொண்டு போகும்.

அளவு தப்பாக வருகிறது

கேமராவே காரணம் இல்லாமல் எண்கள் கெட்டுப்போகும் இடம் இது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

நான் முதலில் செய்த தப்பு: மீட்டர் குச்சியை வீட்டு வாசலில் வைத்து 5 மீட்டர் தூரத்திலிருந்து எடுத்து, அந்த அளவையே குளத்தில் எடுத்த வீடியோவுக்கும் போட்டேன். பிள்ளையின் கை மூன்றில் ஒரு பங்கு நீளமாக வந்தது. தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33; தட்டைக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் பொருள் அந்த அளவுக்குப் பெரிதாகத் தெரியும். அளவுகோல் தண்ணீருக்குள்ளேதான் இருக்கணும், அதுவும் ஆள் நீந்துகிற அதே லேனில், அதே தளத்தில்.

"எதிர்ச்சுவரில் டைல்ஸ் இருக்குதுங்களே, அதை வைத்து அளக்கலாமே" என்பார்கள். முடியாதுங்க. 5 மீட்டர் தூரத்துக்கு அளவு போட்டுவிட்டு ஆள் 4 மீட்டரில் நீந்தினால் அவர் 25 சதவீதம் பெரிதாகத் தெரிவார். அரை மீட்டர் விலகினாலே 11 சதவீதம். போட்டிக் குளத்தில் ஒரு லேன் 2.5 மீட்டர் அகலம், அதற்குள் சின்னப் பிள்ளைகள் அரை மீட்டர் அலைவது சாதாரணம். அடியில் இருக்கிற கருப்புக் கோட்டின் நேர் மேலே நீந்தச் சொல்லுங்க, கேமராவை எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வைங்க, தள்ளிப்போகப் போக இந்தப் பிழை சுருங்கும். கேமரா நீந்துகிற திசைக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று பார்க்கவும் அதே கோடு உதவும்.

அளவுகோலுக்குக் கடையில் எதுவும் வாங்க வேண்டாம். பைப் கடையில் பிவிசி பைப்பும் எல்போவும் வாங்கி, 2 மீட்டர் நீளம் 1 மீட்டர் உயரத்துக்கு ஒரு சட்டம் செய்து, ஒவ்வொரு 25 சென்டிமீட்டருக்கும் கருப்பு டேப் சுற்றுங்க. பைப்பில் துளை போட்டுத் தண்ணீர் நிரம்பவிடணும், இல்லாவிட்டால் மிதந்துகொண்டே இருக்கும். ஆள் இறங்கும் முன் ஒரு தடவை, முடிந்த பின் ஒரு தடவை அதை எடுங்க. இரண்டும் ஒத்துவராவிட்டால் நடுவில் யாரோ கேமராவை இடித்திருக்கிறார்கள். முப்பரிமாணம் வேண்டும் என்பவர்களுக்கு இரண்டு கேமராவும் எட்டு மூலையும் தெரிகிற பெட்டிச் சட்டமும் வேண்டும். அப்தெல்-அஸீஸ், கராரா என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1971-இல் கொடுத்த நேரடி நேரியல் மாற்ற முறை (படத்தில் உள்ள புள்ளிகளிலிருந்து உண்மையான இடத்தைக் கணக்கிடும் வழி) அதற்கு இன்றைக்கும் பயன்படுகிறது.

ஓரத்தில் லேன் கயிறு வாழைப்பழம் மாதிரி வளைந்தால் கேமராவை அகலப் பார்வையிலிருந்து லீனியருக்கு (வளைவை நேராக்குகிற செட்டிங்குக்கு) மாற்றுங்க, ஆளைப் படத்தின் நடுப்பகுதியில் மட்டும் அளங்க. லீனியர் என்பது காற்றுக்காகச் செய்த திருத்தம், தண்ணீரில் மிச்ச வளைவு கொஞ்சம் இருக்கும், பிவிசி சட்டத்தைப் படத்தின் ஓரத்திலும் ஒரு தடவை வைத்துப் பார்த்தால் எவ்வளவு என்று தெரிந்துவிடும். நீர்மட்டத்தில் பாதி மேலே பாதி கீழே என்று எடுத்த வீடியோவில் இடுப்பிலிருந்து முட்டிக்குக் கோணம் போடவே கூடாது. மேல் பாதியும் கீழ் பாதியும் வேறு வேறு அளவில் இருக்கின்றன.

நேரக் கணக்கு பொருந்தவில்லை

நிமிடத்துக்கு 48 சுற்று கை போடுகிற பெண்ணுக்கு 12 என்று வந்தால், 120 படத்தில் எடுத்த கோப்பு 30-இல் ஓடுகிறது. கினோவியா மாதிரி மென்பொருளில் எடுத்தபோது இருந்த உண்மையான ஃப்ரேம் ரேட்டைச் சொல்லிக்கொடுங்க. ஃபோனில் எடுத்தது சில சமயம் ஒரே சீராகவே இருக்காது, வெளிச்சம் குறைந்தால் படங்களின் எண்ணிக்கையும் குறையும். குளத்தடியில் ஒரு டிஜிட்டல் ஸ்டாப்வாட்ச் ஓடவிட்டு ஒரு நிமிடம் எடுத்துப் பாருங்க, உண்மை வெளிவரும். வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவில் எதையும் அளக்காதீங்க, அது சுருக்கப்பட்டது. டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்க. பிள்ளைகள் நீச்சல் உடையில் இருக்கிற வீடியோ என்பதால் பெற்றோரிடம் முதலிலேயே அனுமதி வாங்கணும், பயிற்சிக் குரூப்பில் போடவே கூடாது. இதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன்.

மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு கேமரா வைத்தால் இரண்டுக்கும் தெரிகிற மாதிரி நீர்மட்டத்தில் ஒரு டார்ச்சை அடியுங்க. அந்த ஒளி வந்த படத்தை வைத்து இரண்டையும் பொருத்தலாம். 50 படத்தில் ஒரு படம் 20 மில்லி வினாடி, அதற்கு மேல் நுணுக்கம் வேண்டுமென்றால் கம்பியால் ஒன்றாக இயங்குகிற கேமராக்கள்தான் வழி.

பத்து நிமிடத்தில் பனி மூடுகிறது

மார்கழி காலையில் இது கட்டாயம் வரும். குளத்துத் தண்ணீர் குளிர்ந்திருக்கிறது, கேமரா சூடாகிறது, உறைக்குள் மாட்டிக்கொண்ட காற்றின் ஈரம் கண்ணாடியில் படிகிறது. குளக்கரையில் உறையை மூடாதீங்க. ஏசி அறையில், காய்ந்த காற்றில் மூடி, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் வைங்க. 4கே வேண்டாம், 1080-இல் எடுத்தால் சூடு குறையும், முட்டி, முழங்கை மாதிரி மூட்டுகளைக் குறிக்க அது போதும்.

உள்ளே தண்ணீர்

உறையைத் திறந்ததும் ஒரு சொட்டு இருந்தால் முதலில் ஓ-ரிங்கை (உறை மூடுகிற இடத்தில் இருக்கிற ரப்பர் வளையத்தை) பாருங்க. ஒரு முடி, ஒரு மணல் துகள் போதும். திருப்பூர்க்காரர்கள் எல்லாவற்றையும் பனியன் வேஸ்ட் துணியில் துடைப்போம். ஓ-ரிங்குக்கு மட்டும் அது ஆகாது, நூல் பிசிறு ஒட்டிக்கொள்ளும். விரலால் தடவிச் சுத்தம் செய்து, அந்த ரப்பருக்கு எந்த கிரீஸ் என்று தயாரிப்பாளர் சொல்கிறாரோ அதை மெல்லிசாகப் பூசுங்க. தேய்ந்துபோயிருந்தால் ஆயில் சீல் கடையில் அதே அளவில் கிடைக்கும். அப்புறம் கேமரா இல்லாமல், உள்ளே டிஷ்யூ பேப்பர் மட்டும் வைத்து, குளத்தின் அடியில் அரை மணி நேரம் போட்டு எடுங்க. பேப்பர் காய்ந்திருந்தால் கேமராவை வைக்கலாம். நனைந்த கேமராவை ஆன் செய்து பார்க்காதீங்க, பேட்டரியைக் கழற்றுங்க, அந்த பேட்டரியை மறுபடி சார்ஜ் போடாதீங்க.

வேலை முடிந்ததும் குளோரின் போக அலசணும். நம்ம பக்கத்து போர் தண்ணீரில் அலசி வெயிலில் வைத்தால் கண்ணாடியில் உப்பு வெள்ளை வெள்ளையாகப் படியும், அடுத்த நாள் வீடியோவில் "புகை" என்று தெரிவது அதுதான். சிறுவாணித் தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ போதும்.

பால் கலந்த மாதிரி, புள்ளி புள்ளியாக, அடியில் ஒளி நெளிகிறது

மூன்றும் வேறு வேறு. பால் மாதிரி என்றால் தண்ணீர், கேமரா மாற்றி ஆகப்போவது ஒன்றுமில்லை. வடிகட்டியை ஓடவிட்டு, வகுப்பு தொடங்கும் முன் விடியலில் எடுங்க. பக்கத்திலேயே பிரகாசமாக மிதக்கிற புள்ளிகள் என்றால் விளக்கை லென்ஸை ஒட்டி வைத்திருக்கிறீர்கள், ஒரு மீட்டர் தள்ளிப் பக்கவாட்டில் வைங்க. அடித்தளத்திலும் முதுகிலும் வலை மாதிரி ஒளி ஓடினால் அது வெயில், அலை வழியாக வருவது. ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று திறந்தவெளிக் குளத்தைச் சும்மா விடாது, அப்போது மேகம் மூடிய நேரமோ, காற்று கிளம்பும் முன் விடியலோ பார்த்து எடுங்க. கிணற்றில் எடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வெளிச்சம் மேலிருந்து மட்டும் வரும், தண்ணீரும் கலங்கும், சுரைக்குடுக்கை கட்டி நீந்திப் பழகிய இடத்தை நினைவுக்கு எடுக்கலாம், அளக்க முடியாது.

ஒருவர் இரண்டு பேராகத் தெரிகிறார்

கேமரா நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே இருந்தால் நீர்ப்பரப்பே கண்ணாடியாகி, ஆளைத் தலைகீழாக ஒரு முறை காட்டும். மனிதக் கண் ஏமாறாது, தானாக மூட்டைக் குறிக்கிற மென்பொருள் ஏமாறும். கேமராவை ஆள் போகிற ஆழத்துக்கோ அதற்குக் கொஞ்சம் கீழேயோ இறக்கிச் சமமாக வைங்க.

ஃபோனில் லைவ் வரவில்லை, கேமரா இடம் மாறுகிறது

வைஃபை, புளூடூத் இரண்டும் தண்ணீருக்குள் சில சென்டிமீட்டரிலேயே செத்துவிடும். கரையில் இருந்தே பார்க்க வேண்டுமென்றால் கம்பி வேண்டும். கம்பி என்றதும் சொல்லிவிடுகிறேன், பேட்டரியில் மட்டும் ஓட்டுங்க. ஆள் தண்ணீரில் இருக்கும்போது வீட்டுக் கரண்ட் அடாப்டரைக் குளக்கரைக்குக் கொண்டுவரவே கூடாது.

சக்ஷன் கப் டைல்ஸ் இணைப்பின் மேல் விழுந்தால் காற்று கசிந்து கழன்றுவிடும். ட்ரைபாடை அடியில் நிறுத்தி, ஒவ்வொரு காலிலும் மணல் மூட்டை கட்டுங்க. காசு குறைவு என்றால் மீன் தொட்டிக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஃபோனை வைத்துக் கரையோரம் அமுக்கி எடுக்கலாம், நல்ல வழிதான். 30-க்கு 20 சென்டிமீட்டர் அடிப்பாகம் உள்ள பெட்டியை 20 சென்டிமீட்டர் அமுக்கினால் தண்ணீர் அதை 12 கிலோ எடைக்குச் சமமான விசையோடு மேல்நோக்கித் தள்ளும், அதனால் உள்ளே செங்கல் வைங்க, ஃபோனைக் கயிற்றில் கட்டுங்க.

மென்பொருள் மூட்டுகளை மாற்றி மாற்றிக் குறிக்கிறது

தானாக மூட்டைக் கண்டுபிடிக்கிற மென்பொருள்கள் பெரும்பாலும் தரையில் எடுத்த படங்களில் பழகியவை. குமிழி மூடிய கையும், குப்புறப் படுத்த உடம்பும் அவற்றுக்குப் புதுசு. மணிக்கட்டு, முழங்கை, தோள், இடுப்பு, முட்டி, கணுக்கால் இவற்றைச் சுற்றி நிறமுள்ள பட்டை கட்டுங்க. நம்ம பிள்ளைகளின் மாநிறத்துக்கு வெள்ளையும் பளிச்சென்ற மஞ்சளும் நன்றாகத் தெரியும். சிவப்பை விடுங்க, தண்ணீர் முதலில் தின்பது சிவப்பைத்தான், தூரத்தில் கருப்பாகிவிடும். பக்கவாட்டில் மட்டும் புள்ளி ஒட்டினால் உடம்பு உருளும்போது மறைந்துவிடும், அதனால் முழுச் சுற்று வேண்டும்.

பிறகு கையாலேயே குறியுங்க. ஒரே 20 படங்களை நீங்கள் ஒரு நாளும், உங்கள் உதவியாளர் தனியாக ஒரு நாளும் குறித்து, முட்டிக் கோணத்தை ஒப்பிடுங்க. பத்து டிகிரி வித்தியாசம் வந்தால், போன மாதத்தைவிட எட்டு டிகிரி முன்னேறியிருக்கிறார் என்று அந்த நோயாளியிடம் சொல்ல முடியாது. பட்டையை மாற்றிக் கட்டி, ஷட்டரைப் பார்த்து, இன்னொரு முறை எடுத்துவிட்டுச் சொல்லுங்க.